ரெண்டு தட்டு

ராயபுரத்தில் செகண்ட்ஸ் பனியன் கடைக்கு மேலே
தகரம் வேய்ந்த ஹால்.
ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கும் சூடு இறங்காது.
மெத்தைக்குள் அடைத்திருப்பது கட்டிங் வேஸ்ட்.
தையல் விட்ட மூலையில் பிதுங்கும்
அந்த ஆரஞ்சு எனக்குத் தெரியும்,
போன தீபாவளிக்கு முந்தி
ஜெர்மனிக்குப் போன ஆர்டர்.

மாஸ்டர் அஸ்ஸாம்காரர். பகலில் பிரிண்டிங் பட்டறை,
நகக்கண்ணில் எப்போதும் நீலம்.
தமிழைத் திருப்பூரிலேயே கற்றதால்
அதட்டும்போதும் ஒரு 'ங்' வந்து சேரும்:
"வலிச்சா தட்டுங். ரெண்டு தட்டு.
தட்டுனா விட்றோணுங்.
அதுக்கு மேலயும் புடிச்சிருந்தா
அது பாடமில்லீங், கேசுங்."

என் உயரத்துக்கு ஆள் தேடி ஜோடி சேர்த்தார்.
நிமிர்ந்தால் தமயந்தி.
எங்கள் கம்பெனி செக்கிங் தமயந்தி.
என் ஓவர்லாக்கில் ஒரு பிசிறு தெரிந்தாலும்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி
கட்டோடு திருப்பி அனுப்புகிறவள்.
இருவரும் சிரித்துவைத்தோம்,
டவுன் பஸ்ஸில் கடன்காரரைப் பார்த்த மாதிரி.

கையைக் கொடுத்தாள்.
துணி தடவித் தடவி ரேகை மழுங்கிய கை.
புறங்கையில்,
மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுப்பள்ளத்தில்
என் கட்டைவிரல்.
கதவுக் குமிழைத் திருப்புவதுபோல
வெளிப்பக்கமாய்த் திருப்பு என்றார்கள்.
திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை.
பலம் போட்டேன். அவள் தோள் இறுகியது, அவ்வளவுதான்.
மாஸ்டர் வந்து என் விரலை
ஒரு நெல்லளவு நகர்த்தினார்.

அவள் முழங்கால் மடங்கியது.

ஒரு நெல்லளவு!
ரெண்டு பிள்ளை பெற்ற இடுப்பு,
அட்டைப்பெட்டி தூக்கிப் பழகிய முதுகு,
எல்லாம் அந்த ஒரு பள்ளத்தில் பூட்டிக்கொண்டு
கீழேதான் போகிறது, என் பக்கம் வர முடியவில்லை.
வலிக்காத திசை எதுவோ
அந்தப் பக்கம் உடம்பு தானாகப் போகுமுங் என்றார்.
எனக்கு அது புதுப் பாடமில்லை.
காங்கயத்திலிருந்து ஊத்துக்குளி,
ஊத்துக்குளியிலிருந்து இங்கே,
இங்கே வந்தும் நாலு லைன் வீடு.

தட்டினாள். ரெண்டு தட்டு.
விட்டேன்.

உடனே இல்லை.
ஒரு மூச்சு நேரம் பிடித்திருந்தேன்.
போன மாதத்துச் சிவப்பு ஸ்டிக்கர் பதினேழும்
அந்த ஒரு மூச்சுக்குள் இருந்தன.
மணிக்கட்டைத் தேய்த்தபடி என்னைப் பார்த்தாள்,
மாஸ்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்து அவள் முறை.
மெஷினில் ஏற்கெனவே நொந்த என் வலது மணிக்கட்டு.
தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன்,
தட்டவில்லை இன்னும்,
விட்டுவிட்டாள்.

திங்கள். ஒன்றரை ஷிப்ட்.
கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய நாள்.
மேலே கண்ணாடி ரூமில்
மெர்ச்சண்டைசர் நின்றுகொண்டு,
மேனேஜர் உட்கார்ந்துகொண்டு,
நடுவில் தமயந்தி.
எட்டாயிரம் பீஸில் கழுத்து அளவு தப்பு.
யார் அளந்தது, யார் கையெழுத்து.
சத்தம் கீழே வராது.
வாய்கள் திறந்து மூடுவது மட்டும் தெரியும்.

குனிந்த தலை.
பக்கவாட்டில் தொங்கிய வலது கை
சுடிதார் மேலேயே
ரெண்டு தட்டு தட்டியது.
நின்றது. மறுபடி ரெண்டு.

அவளுக்கே தெரிந்திருக்காது.
அந்த ரூமில் யாருக்கும் அந்தப் பாஷை தெரியாது.
இந்த ஃப்ளோரில் முந்நூறு பேர்,
தெரிந்த ஆள் நான் ஒருத்தி.

என் கால் பெடலை விட்டிறங்கியது.
"ஏனம்மிணி, எங்க கெளம்பீட்ட?" என்றார் சூப்பர்வைசர்.
அந்தக் கழுத்துப் பட்டியை
வந்த அளவுக்கே தைத்தவள் நான்,
வெட்டும்போதே தப்பு என்று
புதன்கிழமையே தெரிந்தும் வாயைத் திறக்காதவள்.
அதை எப்படி ஆரம்பிப்பதென்று
பதினாலு படி ஏறியும் பிடிபடவில்லை.

கதவில் குமிழ் இருந்தது.
கட்டைவிரலை
ஒரு நெல்லளவு நகர்த்தி வைத்தேன்.