நாற்பத்தொன்று வரவில்லை

பிற்பகல் இரண்டே முக்காலுக்கே
ட்ரொன்ஹெய்மில் விளக்குப் போட்டாகிவிட்டது.
மூன்றாம் மாடி ஆய்வகத்தில்
அறுபத்து நான்கு கோர் கொண்ட என் பலகை
அன்றைக்குப் பதினேழாவது தடவையாகக்
கண் திறக்கப் பார்த்துத் தோற்றது.

முதல் கோர் எழும்.
மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பும்.
ஆளுக்கு ஐந்து நொடி தவணை.
நாற்பது வரை ஆஜர்.
பிறகு திரையில் அந்த வரி:
நாற்பத்தொன்று வரவில்லை.

பலகை என்னுடையது, ஆகவே பழியும்.
மின்னழுத்தம் சரிகிறது என்றான் கௌதே.
அலைக்காட்டியை மாட்டிப் பார்த்தேன்,
நூல் பிடித்தாற்போல் போனது கோடு.
இருந்தாலும் இரண்டு மின்தேக்கிகளைப் பெயர்த்துப்
புதிதாகப் பற்றவைத்தேன்.
விரல் நுனி வெந்ததுதான் மிச்சம்.

தூருன் கெர்னல்காரி.
எங்கே விழுகிறதென்று தெரிய
வழி நெடுக வரிகளை நட்டாள்:
இங்கே வந்தேன், இதைத் தொட்டேன்,
இந்தக் கடிகாரத்தை முடுக்கினேன்.
நாற்பத்தொன்று வரவில்லை என்றிருந்தது
முப்பத்து மூன்று வரவில்லை என்றாயிற்று.
இன்னும் நட்டாள்.
இருபத்தாறு.
டார்ச் அடிக்க அடிக்க
பக்கத்தில் வந்து நின்றது இருட்டு.

வியாழக்கிழமை கௌதே
தன் மேசைக்கு வேண்டுமென்று
சீரியல் கம்பியைக் கழற்றிக்கொண்டு போனான்.
கேட்க ஆளில்லாமல் எதற்குப் பேச்சு என்று
கன்சோலையும் அணைத்துவிட்டான்,
போகிற போக்கில்.
நான் சும்மா மின்சாரம் கொடுத்தேன்.
நெட்வொர்க் வழியே உள்ளே போய் எண்ணினேன்.
அறுபத்து நான்கு.
காபியை வைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.

தூருன் நாற்காலியை இழுத்துப் போட்டு
ஒரு மணி நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
அந்தக் கம்பியில் நொடிக்குப்
பதினோராயிரத்துச் சொச்சம் எழுத்துதான் போகும்.
அறுபத்து நான்கு பேருக்கும் ஒரே வாய்.
வாயைக் கையில் வாங்கியவர்
தன் வரியைச் சொன்னதோடு விடமுடியாது,
காத்துக் கிடக்கும் எல்லார் வரியையும்
படித்து முடித்துத்தான் கீழே வைக்கவேண்டும்.
நாற்பத்தொன்று அதை வாங்கியது
'எழுந்தேன்' என்ற ஒரு சொல்லுக்காக.
தலையில் விழுந்தது நாற்பது பேர் அரட்டை.
படிக்கப் படிக்கப் பின்னால் சேர்ந்தது.

சாகவில்லை அது. தூங்கவும் இல்லை.
அடுத்தவர் கடிதங்களை
உரக்கப் படித்துக்கொண்டிருந்தது,
முதல் கோர் பேரேட்டில் அதன் பெயரை அடிக்கும்போது.

அவள் தொலைபேசி அதிர்ந்தது.
தங்கை சுன்னீவா:
ஐந்து நிமிடம் பார்த்தோம்.
லியான் டிராம் கிளம்பிவிட்டது.
தூருன் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அரட்டை எங்கிருந்து வந்தது என்று
பழைய மாற்றங்களைப் புரட்டினோம்.
மார்ச் மாதம், ஒரு வரி:
ஒவ்வொரு கோரும் எழும்போது
அடிக்கு ஒரு தரம் தன் சூட்டைச் சொல்லட்டும்.
கீழே, கேட்டவர் என்ற இடத்தில்,
என் பெயர்.
கௌதே ஜன்னலைப் பார்த்து இருமினான்.

அதை எடுத்துவிட்டாள்.
இப்போது எழுந்த கோர் வாயைத் திறப்பதில்லை.
நினைவகத்தில் ஒரே ஒரு பைட்,
சுவரில் கரிக்கோடு இழுத்துவிட்டுப்
பால்காரர் போவதைப் போல.

நேற்று மாலை கன்சோலைத் திரும்ப மாட்டி
மின்சாரம் கொடுத்தோம்.
திரை கறுப்பு.
மூன்று நொடி. நான்கு.
இதற்கு முன் இந்நேரம்
முந்நூறு வரி ஓடியிருக்கும்.
ஐந்து.
என் கை தானாகவே
அணைக்கும் பொத்தானுக்குப் போயிற்று.
தூருன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்,
என்னைப் பார்க்காமல்.

ஆறாவது நொடி கடந்து
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு
துடித்தது.