ஓரத்தில் எழுதுங்க

மூன்றாம் முறையும் முதல் வரியை அடித்தேன்.
‘பச்சைக் கம்பளம்’ போயிற்று.
‘அநீதி’ நான்கு இடங்களில் இருந்தது;
மூன்றை எடுத்தேன்,
நாலாவது தானாகவே உதிர்ந்தது.

மிஞ்சியது இவ்வளவுதான்:
எங்கள் லயத்தில் பன்னிரண்டு கதவுகள்.
பன்னிரண்டுக்கும் ஒரே முகவரி.
கடிதங்கள் தோட்டத்து ஆபிசில்
ஒரு பிஸ்கட் டின்னில் வந்து தங்கும்.
ஆறாம் காம்பரா செல்வமலருக்கு
நேர்முகத் தேர்வுக் கடிதம்
தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள்
மழையில் நனையாமல், பத்திரமாக,
கையில் கிடைத்தது.

‘பத்திரமாக’ என்ற அந்தச் சொல்லருகே
ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
தேத்தண்ணி ஆறி ஏடு படிந்தது.
கத்த வேண்டும்போல் இருந்தது கைக்கு.
இருக்கட்டும் என்று
அப்படியே அனுப்பிவிட்டேன்.

சஞ்சிகை வந்தது.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
தலவாக்கலையில் அந்த வாரம்
வான்கதவு திறந்ததுதான் பேச்சு.

ஐப்பசியில் ஹட்டன் வங்கிக்குப் போனேன்.
குடைகளின் ஈரம் வாசல்வரை.
கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்,
சட்டைத் தகட்டில் ருக்மாங்கதன்,
எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம்
படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.
“எத்தனையாம் லயம்? எத்தனையாம் கதவு?”
“அதுக்கு இதுல எடமில்லியே சேர்.”
பேனா மூடியைக் கடித்தபடி
கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தார்,
முதல்முறை பார்ப்பவர்போல.
“ஓரத்தில் எழுதுங்க.”

அவர் வாசித்தாரா, தெரியாது.
நான் கேட்கவில்லை.
என் முறை வந்தது.
ஓரம் போதவில்லை;
தாளைத் திருப்பிக்கொண்டேன்.