திணை மயக்கம்

பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம்.
நான்காவது கட்டத்தில்: வந்த நோக்கம்.
இந்தக் கட்டத்துக்கு முன்னால்
என் பேனை எப்போதும் கொஞ்சம் நின்றுதான் போகும்.
ஜெனிற்றா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
"குரங்கு பார்க்க எண்டு எழுதடி" என்றாள்.
எழுதினேன்.
காவலுக்கு நின்ற செபமாலையண்ணை
கொப்பியைத் தன் பக்கம் திருப்பி
எழுத்துக்கூட்டி வாசித்து முடித்து
"நம்பலாம்" என்றார்.

மணற்காட்டில் போன மாசம் திறந்த பூங்கா.
வாசல் பலகையில் ஒரு மலை கீறியிருந்தது,
உச்சியில் பனி வேறு.
கீறினவன் மலையைக் கண்டிருக்க மாட்டான்,
என்னைப் போல.
எங்கள் பக்கத்தில் மலை என்பது
கீரிக்குப் பின்னால் ஒட்டிய இரண்டெழுத்து.

இது மணல்.
சவுக்குகளுக்கு மேலால் எழும்பி நிற்கிற மணல்.
இரண்டடி வைத்தால் ஒன்றைத் திருப்பித் தரும்.
செருப்பைக் கழற்றினால் சுடும்,
போட்டால் நிரம்பும்.
"அது நடக்கும் பிள்ளையள்,
போன கச்சானுக்கு அந்தக் கிணத்துக்கு அங்கால நிண்டது!"
அண்ணை கீழேயிருந்து கத்தினார்.
நாங்கள் அதில் ஏறினோமா
அது எங்களுக்குக் கீழால் நடந்து போனதா தெரியாது.

பாதியில் ஜெனிற்றா குந்திக்கொண்டு
மூச்சு வாங்க வாங்க முதலாளியைத் திட்டினாள்.
போயா நாள், கடை பூட்டு.
மற்ற நாளெல்லாம் ரீலோட் கார்ட்டுகளோடு
கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு பேர்,
காலை எட்டிலிருந்து.
"எங்களைப் பார்க்கவும் ரிக்கெற் வைக்கலாம்."

உச்சியில் குரங்கு இல்லை.
கடல் இருந்தது. யாரோ விட்டுப்போன
சோடாப் போத்தல் ஒன்று, வாய்வரை மணல்.
ஏறின பாதையைத் திரும்பிப் பார்த்தால்
கீழே, என் ஸ்கூட்டியைச் சுற்றி,
பதினொன்று.

கரிய முகம், சாம்பல் மயிர், உடம்பை விட நீளமான வால்.
முசு.
உயர்தரத்துக்குப் பாடமாக்கிய சொல்
பதினாறு வருசம் கழித்து உடம்போடு வந்து
சீற்றில் குந்தியிருக்கிறது.
குறிஞ்சியில் நிற்கவேண்டியது நெய்தலில்.
திணை மயக்கம், உதாரணத்துடன் விளக்குக, ஐந்து புள்ளி.
அந்தக் கேள்வியை நான்
வெறுமையாக விட்டு வந்தவள்.

வயிற்றில் குட்டியைக் கொழுவிய ஒருத்தி
பக்கக் கண்ணாடியைப் பிடித்து உள்ளே பார்த்தாள்.
பல்லைக் காட்டவில்லை.
கண்ணாடிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள்,
ஆளில்லை.
மறுபடி பார்த்தாள்.
பிறகு அவசரமே இல்லாமல்,
கலியாணவீட்டுக்கு வெளிக்கிடுகிறவள் போல,
அதைத் தனக்கு ஏற்ற பக்கம் திருப்பினாள்.
பையில் பிஸ்கட் இருந்தது. நாங்கள் பிரிக்கவில்லை.
மலை ஏறிப் பார்க்க வந்ததை
மலையிலிருந்து குனிந்து பார்த்தபடி
முழங்கால்வரை மணலில் இருந்தோம்.

"எங்கயிருந்து வந்ததுகள்?"
"அங்கால காடு வெட்டேக்க இஞ்சால வந்ததுகள்.
ஒரு கொப்பியிலயும் பதிவில்லை,"
சொல்லிக்கொண்டே அண்ணை பேனையை நீட்டினார்.
வெளியேறும் நேரம்: 4.10.
கண்டீர்களா என்று கேட்க
கட்டம் இல்லை.

வல்லை வெளியில் காற்று ஸ்கூட்டியைச் சரித்தது.
வலப்பக்கக் கண்ணாடியில் றோட்டு இல்லை,
பின்னால் ஹோர்ன் அடிக்கிற மினிபஸ் இல்லை.
அவள் வைத்துவிட்ட சரிவில்
மேகம் மட்டும் பின்னோக்கி ஓடியது,
நடுவில் ஒரு விரல் அழுக்கு.

"கண்ணாடியைத் திருப்படி, சாகப் போறம்."
"ஆவரங்கால் வரட்டும்."

ஆவரங்கால் வந்தது.
"நீர்வேலி" என்றேன்.