ரப்பர் குழாய்

முதலில் பழத்தோலில் தேடினேன்.
நாகலூர்ச் சரிவில் குப்பாயி வெட்டித் தந்த குலைகளில்,
இலைக்காம்பில், மண்ணில்,
பக்கத்துக் காப்பிச் செடியில்கூட.
கிடைத்ததெல்லாம்
வேறு வேலைக்குப் பிறந்தவை.

எனக்கு வேண்டியது ஒரு சின்ன உயிர்.
மாங்காய் கடித்தாற்போல் பல் கூசும் புளிப்பைத் தின்று
மோரின் புளிப்பாக்கத் தெரிந்தது.
ஈஸ்ட் தன் கூத்தை முடித்துப் போன பிறகு,
சர்க்கரை தீர்ந்த எஃகுத் தொட்டியின் இருட்டில்,
ஆல்கஹாலுக்கும் கந்தகத்துக்கும் நடுவே,
ஏற்காட்டு ஐப்பசிக் குளிரில்
அவசரப்படாமல் உழைக்கிற ஒன்று.

பொட்டலத்தில் விற்கிறார்கள்.
மூன்று வருடம் முன்பு ரொசாரியோ ஒன்று வாங்கினார்,
ஐஸ் பெட்டியில் கடல் தாண்டி வந்தது.
மூன்று வாரம் வேலை, பிறகு பேச்சு மூச்சில்லை.
"நம்ம மலையிலயே ஒண்ணு இருக்காதாம்மா?"
அன்றைக்குப் போனது என் தூக்கம்.

தொட்டி கழுவும் செங்கோடன்தான் சொன்னான்:
"அந்தப் பழைய குழாய்ல என்னமோ வழுவழுங்குது மேடம்.
எத்தன தரம் வெந்நி ஊத்துனாலும் போவல."
தூக்கி எறியச் சொல்லி
நானே இரண்டு முறை எழுதிக் கொடுத்த குழாய்.

ஒரு துண்டு அறுத்துச் சுரண்டினேன்.
தக்காளிச் சாறு சேர்த்த தட்டுகளில்
பன்னிரண்டு நாள் கழித்து
குண்டூசி முனைகளாய் இருநூற்றுப் பதினான்கு.

அஸ்தம்பட்டியில் வாடகை ஆய்வுக்கூடம்.
வெளியே சேலத்து வெயில், பெட்டிக்குள் பதினாறு டிகிரி.
மின்சாரம் போனால்
மலையின் குளிரைக் காப்பாற்ற
இரண்டு கார் பேட்டரி, ஒரு கம்பளி.

ஆல்கஹால் கொன்றது நூற்றைம்பது.
கந்தகம் நாற்பது.
எண் 41 அழகாக உழைத்தது,
போகிற போக்கில் ஹிஸ்டமின் விட்டுப் போனது:
குடிப்பவருக்கு மறுநாள் தலையிடி.
எண் 88 வெண்ணெயாய் மணந்து
பழத்தை வாய் திறக்கவே விடவில்லை.
ஒன்றுக்கு வினிகர் ஆசை.
உயிர் பிழைத்தது போதாது,
யாரையும் கெடுக்கவும் கூடாது என்று
கேட்கிற நாற்காலியில் நான்.
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

எண் 173.
பியூட்டனால் நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்து
தாளைத் தொங்கவிட்டேன்.
நீலப்பச்சையில் மஞ்சள் பொட்டுகள்,
மேலே லாக்டிக், அதற்குக் கீழே மாலிக்.
வாராவாரம் கீழ்ப்பொட்டு வெளிறியது.
ஐந்தாம் வாரம் அங்கே வெறும் தாள்.
நான் கத்தியதில் மாடிவீட்டு நாய் குரைத்தது.

பிறகு மரபணுக் கோடுகள்.
பொட்டலத்து உயிரையும் 173ஐயும் பக்கத்தில் வைத்தால்
பதினோரு கோடு ஒன்றுபோல.
பன்னிரண்டாவது இதற்கு மட்டும்.

செத்ததாக நான் குறித்து வைத்த வெளியூர்க்காரன்
ரப்பர் சுவரில் ஒட்டிக்கொண்டு
மூன்று மழைக்காலம் பிள்ளை பெற்றிருக்கிறான்.
இல்லை, ஒன்றுவிட்ட உறவோ என்னவோ.
சத்தியம் செய்ய மாட்டேன்.

"லேபிள்ல உள்ளூர்னு போடலாமா?"
ரொசாரியோ கேட்டபோது
சில்வர் ஓக் நிழலில் நின்றிருந்தோம்.
காப்பி பூத்து வெள்ளையாய்க் கிடந்தது சரிவு.
நான் பதில் தேடுகிற சாக்கில்
செங்கோடனைப் பார்த்தேன்.
புதுக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தான்.
பழையது எங்கே?

"திட்டுவீங்கன்னு எறியல மேடம்.
மெளகுக் கொடிக்குத் தண்ணி வுட எடுத்துக்கிட்டேன்."

லேபிள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.