மேல்வீட்டு மெஷின்

குளிர்கோட்டுகளுக்கு நடுவே, அலமாரிக்குள்
மைக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன்.
கதவைச் சாத்தினால் தார்த்து நகரம் போய்விடும்.
மேல்வீட்டு ஹெல்யோ அம்மாளின்
வாஷிங் மெஷின் மட்டும் போகாது.

ஏழு டேக். ஏழிலும் அது.
துணி பிழியும் கட்டத்தில்
என் கிதாரைவிடச் சுருதி சுத்தம்.

பகலில் பல் செட் வார்க்கிற வேலை.
நகக்கண்ணில் பிளாஸ்டரோடுதான்
கம்பியைத் தொடுகிறேன்.

ஜூலையில் தீவுக்குப் போனோம்:
ஊர்மாஸின் வேன், மூன்று பேர், ஒரு டிரம்,
இறங்காத புகைமீன் வாடை.
கப்பல் எஞ்சின் உறுமியது.
"உன் பாட்டுக்கு அடியில் ஓடுமே, அதுதானே இது?"
என்றாள் காய்டி.
பாஸ் கிதாரை அதோடு சேர்த்துக்கொண்டான் ஊர்மாஸ்.
அன்றிரவு கேட்டவர்கள் பதினொரு பேர்.
இருவர் கழிவறை வரிசையில் நின்றவர்கள்.
அவர்கள்தான் பலமாகக் கைதட்டினார்கள்.

திரும்பி வந்தால்
ஹெல்யோ அம்மாள் புது மெஷின் வாங்கியிருந்தாள்.
மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை.

எட்டாவது டேக் அப்பழுக்கில்லை.
மூன்று முறை கேட்டேன்.
கடைசிப் படி இருக்கிறதென்று
காலை வைத்த மாதிரி இருந்தது.

மாடியேறி மணி அடித்தேன்.
"பழையதை எங்கே போட்டீர்கள்?"
நிலவறையில், என்றாள்.
அங்கே பிளக் பாயிண்ட் உண்டா?
அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"சட்டையைக் கழற்று,
நானே துவைத்துத் தருகிறேன்."