அரைக்கிலோ

ஏக்கருக்குப் பத்துக் குழி.
வரப்போரம் வேண்டாம். எருக்குமி போட்ட இடம் வேண்டாம்.
வேலமர நிழல் வேண்டாம்.
மூக்குப் போல வெட்டி
அரையடி ஆழம் ஓரம் செதுக்கு.
அத்தனையும் சாக்கில் கொட்டி ஒட்டுக்காக் கலக்கு.
வட்டமாய்ப் பரப்பி நாலாய் வகு,
எதிரெதிர்க் கால் இரண்டைத் தள்ளு.
மறுபடி கலக்கு, வகு, தள்ளு,
அரைக்கிலோ ஆகும் வரைக்கும்.
அதுதான் அந்தக் காட்டின் மாதிரி.

புதன்கிழமை மூன்றரைக்கு
வேதியியல் கட்டடத்து மாடியில்
ஒற்றை மின்விசிறிக்குக் கீழே
நான் சொன்னது இவ்வளவுதான்.

போன வாரம் திருமூர்த்தி
நொய்யலில் கரைந்த சாயத்துக்கு எடை சொன்னான்.
அதற்கு முந்தி சௌடேஸ்வரி
ஏரிக் கல்வெட்டொன்றில் சிதைந்த வரியைக் காட்டி
"இங்க ஒரு அளவு இருந்திருக்குது" என்றாள்.
"அளவே இல்லாம எப்படிங் ஏரி?"
"தண்ணியே இல்லாம உனக்கு ஆறு இல்லையா?"
அன்றைக்கு டீக்காசு அவன் கொடுத்தான்.

கணக்குத் துறை ருக்சானா
கடைசி பெஞ்சிலிருந்து கேட்டாள்:
"தள்ளின மண்ணு எங்க போகும்?"
காட்டிலேயே கொட்டிவிட்டு வருவோம்.
"அப்ப அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது."
தெரிய வேண்டியதில்லை,
நல்லாக் கலக்கினால் கால்பங்கும் காடும் ஒண்ணு.
பலகையில் ஏதோ எழுதினாள், பாதி புரிந்தது.
'நல்லா' என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்,
அது முழுக்கப் புரிந்தது.
"மாதிரின்னா போலன்னுதான் அர்த்தம்,
அதுவேன்னு இல்ல" என்றாள் சௌடேஸ்வரி,
தமிழ்த்துறையின் சார்பாக.

அந்த மாதமே என்னைப் பிரதிநிதி ஆக்கினார்கள்.
கை தூக்கியவர் முப்பத்தொரு பேர்.
நான் அப்போது வடை வாங்கப் போயிருந்தேன்.

ஏழு மாதமாய் உதவித்தொகை வரவில்லை.
திருமூர்த்தியின் வண்டி அடகுக் கடையில்.
சென்னியப்பன் ராத்திரியில் திருப்பூருக்குப் போய்
பனியனில் ஓட்டை தேடுகிறான்,
பகலில் நுண்ணோக்கியில் தூங்குகிறான்.
ஒருத்தியின் நெறியாளர்
தன் மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரச் சொல்கிறார்
(பெயர் எழுதாதே என்றாள், எழுதவில்லை).
நூலகம் ஆறு மணிக்குப் பூட்டு.
அமில அலமாரியில் புகை வெளியே போவதில்லை.
நோட்டு நிறைந்தது.
பதிவாளர் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்கமாட்டார் என்றார்கள்.
எனக்குத் தெரிந்த வேலைதானே.
கலக்கினேன். வகுத்தேன். தள்ளினேன்.
மூன்று கோரிக்கை.

குளிர் அறை. நூற்பாலை கொடுத்த நாட்காட்டி.
அவர் முழுதும் படித்தார்,
அதை நான் எதிர்பார்க்கவில்லை.
"எத்தனை பேருக்குப் பேசறீங்கம்மா?"
அறுபத்திரண்டுங்க.
"பகுதிநேரமும் சேர்த்தா?"

பகுதிநேரத்தார் சனிக்கிழமை வருகிறவர்கள்.
நான் குழி போட்டது புதன்கிழமையில்.
தாராபுரத்திலிருந்து குணவதி வருவார்,
அஞ்சு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம்,
ஆறாம் நாள் இங்கே
கொறங்காட்டுப் புல்லைப் பற்றி ஆராய்ச்சி.
உதவித்தொகையே இல்லாதவருக்கு
அது தாமதமானால் என்ன?
ஒருமுறை படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்:
"ஏனுங், சனிக்கிழமைல பொம்பளைங்க கழிப்பறைச் சாவி
யாருகிட்ட இருக்கும்?"
எழுதிக்கொண்டேன்.
பிறகு அடித்துவிட்டேன்,
சின்ன விசயம் என்று.
வரப்போரம்.

"இல்லைங்க. எண்ணலைங்க."
"எண்ணிட்டுத் திங்கக்கிழமை வாங்க."

வெளியே வேப்பமரத்தடியில் அவர்களுக்குச் சொன்னேன்.
"ஆமாங்கன்னு ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாமில்ல?" என்றான் திருமூர்த்தி.
வண்டி ஏலத்துக்கு வெள்ளிக்கிழமை கெடு.
யாரும் அவனைச் சமாதானப்படுத்தவில்லை.
ருக்சானா மட்டும் என் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை பதினேழு பேர்.
குணவதி நோட்டை வாங்கி
அடித்த வரிகளை மட்டும்
வகுப்பில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார்,
ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.
வண்டியில்லாமல் டவுன்பஸ்ஸில் வந்த திருமூர்த்தி
சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

சாவிக்கு ஆள் போயிருக்கிறது.
மணி பதினொன்றரை.