பழுப்பு உறை

இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவே
அது உறங்குகிறது.
குப்பியைக் குலுக்கக் கூடாது.
குலுக்கினால் நுரைக்கும்; நுரைத்தால் புரதம் கெடும்.
விளிம்புவரை ஊற்றிய தே தாரிக்கை
மேசைக்குக் கொண்டுபோகும் பையனைப் போல
மூச்சை அடக்கி நடக்கிறேன்.

பினாங்கு மருத்துவமனை ஒன்றில், மூன்றாம் மாடி,
மருந்தகத்தின் உள்ளறை.
கதவில் என் பெயர் இல்லை. பதிவேட்டில் உண்டு:
வே. குமுதவல்லி. அதற்கு எதிரே, "அறிந்தவர்."

டாக்டர் ஊய் அறியாதவர். தாதி நோர்லியா அறியாதவர்.
படுத்திருப்பவர், அவர் வீட்டார்,
கடைசியில் எல்லாவற்றையும் எண்ணப்போகும்
கோலாலம்பூர்க்காரர்கள்,
யாருக்கும் தெரியாது.
கணினி ஓர் எண்ணைத் தரும்.
ஓர் எண்ணுக்கு எதிர்ப்பொருள், ஓர் எண்ணுக்கு உப்புநீர்.
நாணயத்தைச் சுண்டுவது நானில்லை.
பூவா தலையா என்று குனிந்து பார்ப்பவள் மட்டும்.

மருந்து இளமஞ்சள். உப்புநீருக்கு நிறமே இல்லை.
கண் காட்டிக்கொடுக்கும் என்று
இரண்டுக்கும் ஒரே பழுப்பு உறை.
பைக்கு உறை போட்டாயிற்று; முகத்துக்கு?
ஒருமுறை நோர்லியா என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
அன்றிலிருந்து சன்னல் வழியாகத்தான் கொடுக்கிறேன்,
கையை மட்டும் நீட்டி.

வார்டு வாசலில் டாக்டர் ஊய்
யாரோ ஒருவரின் மகனுக்கு மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார்:
கிருமி பெரும்பாலும் அடங்கிவிட்டது,
இப்போது நுரையீரலை நிறைப்பது உடம்பின் சொந்தக் கோபம்.
எனக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்திய கதை.
பூச்சி செத்துவிட்டது.
இன்னும் கொளுத்து, கொளுத்து என்றொரு குரல்.
என் குப்பியில் இருப்பது தண்ணீர்வண்டி அல்ல,
அந்தக் குரல் போய்ச் சேரும் காதில் வைக்கும் பஞ்சு.
பஞ்சு வைத்த பிறகு
வேறொரு திருடன் ஏறிக் குதித்தால்?
தெரியாது.
தெரியாததால்தான் இத்தனை உறை.

22-இன் பெயர் எனக்குத் தேவையில்லை.
ஆனால் அவர் மனைவி லிஃப்டில் வந்துவிட்டாள்,
கையில் ஹெல்மெட், பாலத்துக் காற்றில் கலைந்த தலை.
பிறையில் சிப் தொழிற்சாலை, இரவு ஷிப்ட், முப்பத்தொன்பது வயது
என்று கேட்காமலே சொன்னாள்.
"அக்கா, அந்தச் சாக்குக் கலர் பை போடறாங்களே,
நல்ல மருந்துதானே?"

அன்று காலை அதில்
உப்புநீரை நிரப்பியது இந்தக் கைதான்.
"எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்த்துக்கறாங்க" என்றேன்.
பொய் இல்லை.
தரைமாடி வர இவ்வளவு நேரம் ஆகுமா ஒரு லிஃப்ட்டுக்கு.

23-ஐப் பற்றித் தெரிந்தது எடை மட்டும். எழுபத்தோரு கிலோ.
கிலோவுக்கு எட்டு வீதம்
ஐந்நூற்று அறுபத்தெட்டு மில்லிகிராம்,
ஒரு குமிழி இல்லாமல் ஏற்றினேன்.
வியாழன் விடியலில் அந்த எண்ணுக்கு எதிரே கோடு விழுந்தது.
22 ஒன்பதாம் நாள்
தானே செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு பேர் ஒரு கணக்கே இல்லை.
இருநூறு வேண்டும், நானூறு வேண்டும்,
அப்புறம்தான் கோடு எந்தப் பக்கம் சாய்கிறதென்று சொல்லலாம்.
நானே பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறவள்.
இருந்தும் அந்த வாரம்
குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம்
மஞ்சள் குப்பிகளைக் கொஞ்சம் முறைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள்
மருந்தகச் சன்னலில் ஒரு டின் முறுக்கு இருந்தது.
மூடியில் காகிதம்: பழுப்புப் பை அக்காவுக்கு.
அந்தப் பைதான் காப்பாற்றியது என்று
வீட்டில் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறார்களாம்.

ஒன்றை எடுத்துக் கடித்தேன்.
உப்பு சற்றுத் தூக்கல்.
இரண்டாவதும் எடுத்தேன்.

கைப்பேசி அதிர்கிறது.
41. ஐம்பத்தெட்டு கிலோ.
கை கழுவப் போகிறேன்.